இருபத்தஞ்சரை மணிக்கு முடிஞ்ச கிரிவலம்

ஏண்டா தம்பிங்களா, கம்ப்யூட்டரு ‘வணக்கம்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், சட்டைக் காலரைத் தூக்கி உட்டுக்கினு நடக்கிறீங்களே, அதுக்கு மேல அது பேசுற பேச்சையெல்லாம் எவன் கேக்கிறது?

அந்த வணக்கமும் நீங்க கண்டுபுடிச்சது இல்ல. கெர்னிகன்னு ஒரு கனடாக்காரரு, ரிச்சின்னு அவரு கூட்டாளி, ரெண்டு பேரும் 1978-ல சி மொழிக்குப் புத்தகம் போட்டாங்க. அதுல மொதப் பாடமே ‘உலகமே வணக்கம்’னு திரையில காட்டுறதுதான். அன்னிக்குப் புடிச்ச வழக்கம், இன்னும் உடலை. இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கிறியா? ரமணாசிரமம் பக்கத்துல வீடு வெச்சிருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். என் வீட்டு மாடியில வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரரு, கம்ப்யூட்டரு வேலையை உட்டுட்டு மனசை அடக்கலாம்னு வந்தவரு. மனசு அடங்கிச்சோ இல்லியோ, சாயந்தரமானா என் திண்ணையில குந்திக்கினு கதை சொல்லாம மட்டும் இருக்க மாட்டாரு.

இப்ப என் பேரன் சமாசாரத்துக்கு வரேன். பன்னெண்டாவது படிக்கிறான். கவர்மெண்டு கணினி அறிவியல் பொஸ்தகத்துல பதினொண்ணாவதுல சி பிளஸ் பிளஸ், பன்னெண்டாவதுல பைத்தான். பைத்தான்னா மலைப்பாம்பாச்சே, இத வெச்சு இன்னாடா பண்றதுன்னேன். பாம்பு இல்ல தாத்தா, இங்கிலாந்து டிவியில வந்த ஒரு காமெடி கோஷ்டி பேருன்னான். நெதர்லாந்துக்காரரு, கைடோ வான் ரோசம்னு பேரு, 1991-ல வெளியுட்டாராம். சரி, காமெடின்னா நமக்கும் ஒத்து வரும்னு பக்கத்துல ஒக்காந்தேன்.

பையன் மொத மொத எழுதினது கிரிவலக் கணக்கு. மலையைச் சுத்தி 14 கிலோமீட்டரு. மணிக்கு எத்தினி கிலோமீட்டரு நடப்பேன்னு கேக்கும், எத்தினி மணிக்குக் கெளம்புவேன்னு கேக்கும், எப்ப வந்து சேருவேன்னு சொல்லும். மொத்தம் பத்து வரி இருக்கும். நல்ல யோசனைதான், நான் கொறை சொல்லலை. ஊருல நாலு பேருக்கு ஒதவுற கணக்கு. இவன் கிளாசுல ஒருத்தன் மொத நாளே ‘உலகத்துக்கே ஆப்பு செய்றேன்’னு எறங்கினான். ஒலகத்துக்கோ இல்லியோ, அவனுக்கு வெச்சுக்கினான் ஆப்பு.

மொத வாட்டி ஓட்டினான். ‘நேம் எரர்’னு செவப்பா வந்து நின்னுச்சு. இன்னாடா சொல்லுதுன்னேன். ‘வேகம’ யாருன்னே தெரியாதாம் தாத்தான்னான். மேல ‘வேகம்’னு புள்ளி வெச்சு எழுதிட்டு, கீழ வந்தப்ப புள்ளியை உட்டுட்டான். நான் சிரிச்சுட்டேன். ஒலகமெல்லாம் இந்தத் தெருவுக்கு ‘நான் யார்’னு கேட்டுக்கினு வருது, உன் மிஷினும் வந்த மொத நாளே ‘நீ யாரு’ன்னு கேக்குதேடா, ஆசிரமத்துப் பக்கம் வாங்கின மிஷினாச்சேன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரலை. அந்த ஒத்தைப் புள்ளியைத் தேடி அரை மணி நேரம் கண்ணு பூத்துப் போயிருந்தான்.

பைத்தான்ல தமிழ்ல பேரு வெக்கலாம், தெரியுமில்ல? 2008 கடைசியில வந்த மூணாம் பதிப்புலேருந்து செல்லும். ஏ, பி, எக்ஸ் ஒண்ணு, எக்ஸ் ரெண்டுன்னு பேரு வெச்சா அடுத்த மாசம் நீயே உன் நிரலைப் பாத்து ‘இவனெல்லாம் யாரு வூட்டுப் புள்ளைங்க’ன்னு கேப்பே. வேகம்னா வேகம்னு எழுதிட்டுப் போவியா.

அடுத்து ஒரு கூத்து. காலையில ஒரு சுத்து, ராத்திரி ஒரு சுத்து போறவங்களுக்காக ரெண்டு தூரத்தையும் வாங்கிக் கூட்டிச் சொல்லும்னான். நான் 14, 14-னு போட்டேன். 1414-னு வந்துச்சு. ஏண்டா, இந்நேரம் நான் நாக்பூரைத் தாண்டியிருப்பேனேடான்னேன். பைத்தான்ல, நீ விசைப்பலகையில எதை அடிச்சாலும் அது அதை எழுத்தாத்தான் வாங்கும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டுன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெக்கும். ‘இது எண்ணு’ன்னு நாமதான் மாத்திச் சொல்லணும். சொன்னான், 28 வந்துச்சு. அதோட வேலை முடிஞ்சுதுன்னு எழுந்திரிச்சான். ஒக்காருடான்னேன்.

இங்கதான் தம்பி, உங்க எல்லாருக்கும் ஒரே வியாதி. நீங்க எழுதினதை நீங்களே ஓட்டிப் பாக்கிறீங்க. எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கினு, அதுல கால் வெக்காமத் தாண்டித் தாண்டிப் போறீங்க. அப்புறம் ‘நல்லா ஓடுது’ன்னு சான்றிதழ் வேற. ஒரு நிரலை எழுதின மறு நிமிஷம், ஊருலயே வம்பு புடிச்ச கெழவன் ஒருத்தன் கையில குடுக்கணும். இந்தத் தெருவுல அந்த வேலைக்கு என்னை உட்டா ஆளு கெடையாது.

வேகம்னு கேட்டுச்சு, சைபருன்னு போட்டேன். ‘ஜீரோ டிவிஷன் எரர்’னு படுத்துக்கிச்சு. நடக்காமக் குந்தியிருக்கிறவன் எப்ப வந்து சேருவான்னு அதுக்கு எப்பிடித் தெரியும், பாவம். அடுத்து மைனஸ் 4-னு போட்டேன். அது வெக்கமே இல்லாம மைனஸ் மூணரை மணி நேரம்னுச்சு! கெளம்புறதுக்கு மூணரை மணி முன்னாடியே வந்து சேந்துட்டேனாம். இந்த மலையில சித்தருங்க சூட்சுமமா சுத்துறாங்கன்னு சொல்வாங்க, அவங்களுக்காக எழுதினியாடான்னேன். சைபருக்கு நின்னு போன மிஷினாவது யோக்கியம். தப்பான பதிலைத் தெகிரியமாச் சொல்ற மிஷினு இருக்கே, அதுதான் குடியைக் கெடுக்கும்.

அப்புறம் நம்ம பெருமையைக் காட்டலாம்னு தமிழ் எண்ணுல ௪-னு போட்டேன். நாலு. எங்கப்பா மணல்ல எழுதிக் கத்துக் குடுத்தது. பைத்தான் மறுபேச்சு பேசாம எடுத்துக்கிச்சு! ௧௪-ன்னு போட்டா பதினாலுன்னும் எடுத்துக்கும். பேரன் வாயைப் பொளந்துட்டான், அவன் வாத்தியாரு இதைச் சொன்னதில்லியாம். ஆனா எங்க காலத்துல பழங்கணக்குல பத்துக்குத் தனி எழுத்து உண்டு, ௰. பதினாலுன்னா ௰௪. அதைப் போட்டேன் பாரு, ‘வேல்யூ எரர்’னு கையை விரிச்சுட்டுது. சைபர்லேருந்து ஒம்பது வரைக்கும்தான் அதுக்கு எலக்கம், பத்து, நூறு, ஆயிரத்துக்குன்னு இருக்கிற குறியெல்லாம் அதுக்குக் கணக்குல சேத்தி இல்ல. போவட்டும், அந்த மட்டுக்குமாவது மரியாதை குடுத்துச்சே.

அதுக்கப்புறம் நெசமான பயணியா நடிச்சேன். ராத்திரி பத்து மணிக்குக் கெளம்பறேன், அதாவது 22. மணிக்கு 4 கிலோமீட்டரு. பதில் வந்துச்சு: ‘நீங்கள் 25.5 மணிக்கு வந்து சேர்வீர்கள்.’

இருபத்தஞ்சரை மணி! பௌர்ணமிக்கு எத்தினியோ ஸ்பெஷல் பஸ்சு உடுறாங்க, இருபத்தஞ்சரை மணிக்கு எந்த ஊருக்கும் பஸ்சு இருக்கிறதா எனக்குத் தெரியலை. பேரன் தலையைச் சொறிஞ்சான். ‘24-க்கு மேல போச்சுன்னா 24-ஐக் கழிச்சுடறேன்’னான். நிறைமாசக்காரி நடக்கிற மாதிரி மெள்ளச் சுத்தணும்னு பெரியவங்க சொல்வாங்களே, அப்பிடி மணிக்கு அரை கிலோமீட்டரு போற ஒருத்தி வந்தா? 28 மணி நேரம் ஆவும். பத்து மணிக்குக் கெளம்பினா 50. ஒருக்காக் கழிச்சா 26, மறுபடியும் தப்பு. கழிக்காதேடா, வகுத்து மீதியை எடுன்னேன். 25.5-ஐ 24-ஆல வகுத்தா மீதி 1.5. அம்பதை வகுத்தா மீதி ரெண்டு. கடியாரம் முள்ளு பூரா இந்த மீதிக் கணக்குதான் ஓட்டுது.

அப்பவும் நான் உடலை. 1.5 மணின்னா ஒண்ணரைன்னு உனக்குத் தெரியும். தேங்கா விக்கிறவளுக்கு ஒண்ணு அஞ்சு. இன்னொருத்தனுக்கு ஒண்ணு அம்பது. புள்ளிக்கு அந்தாண்ட இருக்கிறதை 60-ஆல பெருக்கி நிமிஷமாச் சொல்லுன்னேன். முனகிக்கினே மாத்தினான்: ‘இரவு 1 மணி 30 நிமிடம்’. இப்பதான் மனுசன் பேசுற மாதிரி இருக்குது.

இதுக்கு நடுவுல அவனுக்கு ஒரு ரோசம் வந்துச்சு. ‘தாத்தா, உனக்குப் புரியிற மாதிரி தமிழ்லயே எழுதிக் காட்டறேன்’னு எழில்னு ஒண்ணை எடுத்தான். முத்து அண்ணாமலைன்னு ஒருத்தரு செஞ்சது. பேரைக் கேட்டதுமே நம்ம சாமி கைங்கரியம்னு நெனைச்சேன், மனுசன் அமெரிக்காவுல இருந்துக்கினு செஞ்சிருக்காரு. 2009-லயே அதைப் பத்திக் கட்டுரை எழுதி வெளியுட்டுட்டாரு. அதுல ‘பதிப்பி’ன்னா திரையில காட்டும். நிபந்தனையை மொதல்ல அடைப்புக்குள்ள எழுதிட்டுப் பின்னால ‘ஆனால்’ போடணும், ‘இல்லை’ன்னு மறுபக்கம், கடைசியில ‘முடி’. ‘@( வேகம் <= 0 ) ஆனால்’னு படிச்சதும் எனக்கே புரிஞ்சுது. தமிழன் பேசற வரிசை அது. அசந்துதான் போனேன். ஆனா வெளியில காட்டிக்கலை. பழைய கணக்கை அதுல எழுதி ஓட்டுடான்னேன். ஓட்டினான். சுத்தத் தமிழ்ல இருபத்தஞ்சரை மணின்னுச்சு.

அடுத்த நாளு அட்டலிங்கத்தையும் சேக்கிறேன்னு வந்தான். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். எட்டையும் ஒரு பட்டியல்ல அடுக்கி, ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் சொல்லிக்கினு வான்னு எழுதினான். ஏழுதான் வந்துச்சு. இந்திரலிங்கத்தைக் காணோம்! பைத்தான் பட்டியலைச் சைபர்லேருந்து எண்ணும், கடைசி எண்ணுக்கு முன்னாடியே நின்னுக்கும். சரி, கொறையுதேன்னு எட்டை ஒம்பதாக்கினான். அப்பவும் இந்திரன் வரலை, ஈசானியம் தாண்டி ஒம்பதாவது லிங்கத்தைத் தேடிப் போய் ‘இண்டெக்ஸ் எரர்’னு உழுந்துச்சு. ஒரு எண்ணு கொறைஞ்சா எங்க கொறையுதுன்னு பாக்காம, கையில கெடைச்ச எடத்துல ஒண்ணைக் கூட்டுறது இருக்கே, உங்க வயசுல எல்லாரும் செய்யிற வைத்தியம் அது. அப்புறம்தான் சைபர்லேருந்து எட்டுன்னு மாத்தினான்.

நான் சும்மா இருப்பேனா? எல்லாரும் ராஜகோபுரத்துலேருந்து கெளம்புறதில்லடா, நம்ம ஆசிரமத்து வாசல்லேருந்து கெளம்பறவனுக்கு மொதல்ல எமலிங்கம், கடைசியில அக்னிலிங்கம், அதைச் சொல்லச் சொல்லுன்னேன். பையன் கொஞ்ச நேரம் மலையைப் பாத்தான். அப்புறம் அவனே, ‘எட்டால வகுத்து மீதி’ன்னான். அப்ப மட்டும் நான் வாயைத் தொறக்கலை.

மறுநாளு, ரொம்பத் திருத்திட்டேன், அலுப்பா இருக்குதுன்னான். அலுப்பா? 1843-ல ஏடா லவ்லேஸ்னு ஒரு அம்மா, அப்ப கட்டி முடிக்கவே இல்லாத ஒரு கணக்கு மிஷினுக்குப் படிப்படியா வேலை எழுதி அச்சுல போட்டாங்க. ஒலகத்தோட மொத நிரல்னு அதைத்தான் சொல்றாங்க. அதுலயே ஒரு எடத்துல எதை எதால வகுக்கிறதுன்றது தலைகீழா இருக்குது. மொத நிரலு, மொத பிழை, ரெண்டும் ஒரே பக்கத்துல. அவ்வளவு தூரம் ஏன்? 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளை இந்த மலைக்கு வந்து கேள்வி கேட்டாரு, பேசாம இருந்த ரமணரு எழுதிக் காட்டினாரு. அதுதான் 1923-ல ‘நான் யார்’னு கேள்வி பதிலாப் புத்தகமா வந்துச்சு. அதுக்கப்புறம் ரமணரே அதைக் கட்டுரையாத் திருப்பி எழுதினாரு. மகான் எழுதினதே ரெண்டாந்தரம் எழுதப்பட்டிருக்குது, ஐயாவோட பத்து வரி அலுத்துப் போச்சாம்.

அலுத்தவன் ராத்திரியோட ராத்திரியா செல்லுல இருக்கிற ஏஐ-கிட்டக் கேட்டு நூறு வரியை வாங்கி ஒட்டிக்கினு வந்தான். பளபளன்னு இருந்துச்சு. நடுவுல ஒரு வரியைத் தொட்டு, இது இன்னாடா பண்ணுதுன்னேன். முழிச்சான். அதை எடுத்துட்டு ஓட்டுடான்னேன், ஒண்ணும் கெடலை. பக்கத்து வரியையும் எடுக்கச் சொன்னேன், அப்பவும் ஓடுச்சு. பேசாமப் பழைய பத்து வரியைத் தொறந்தான். அதுவாச்சும் எதுக்கு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும்.

கோப்புக்குப் பேரு வெக்கிறதுல மட்டும் என்னால திருத்த முடியலை. ‘கடைசி’, ‘கடைசி2’, ‘உண்மையான கடைசி’, ‘இதுதான் கடைசி’. போன வாரம் ‘கடைசிக்கு அப்புறம்’னு ஒண்ணு பாத்தேன்.

வர்ற பௌர்ணமிக்கு அந்தக் கிரிவலக் கணக்கை எதிர்வூட்டு ஆயாகிட்டக் குடுக்கப் போறானாம். எல்லா வம்பையும் சோதிச்சுட்டேன், சைபரு, மைனஸு, புள்ளி, தமிழ் எண்ணு, எது போட்டாலும் தாங்கும்னு நெஞ்சை நிமித்துறான். குடுடா கண்ணு, நல்லாக் குடு. ‘நீங்கள் எவ்வளவு வேகமாக நடப்பீர்கள்’னு அது கேக்கும். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கினு நிதானமா ‘மெதுவா’ன்னு அடிக்கும். சரி, கேள்வியை மாத்தி ‘போன தடவை எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள்’னு கேட்டுக்கலாம்னு நீ நெனைப்பே. அதுக்கும் ஆயா பதிலு வெச்சிருக்குது, நான் கேட்டுட்டேன்: ‘பால்காரன் வர்றதுக்கு முன்னாடி.’