சுவருக்கு அப்பால் சமையலறை

கேள்வி: பழைய இத்தாலிய நகைச்சுவைப் படங்கள் இன்றும் எப்படிச் சிரிக்க வைக்கின்றன?

பதில்: அந்த நாயகர்களின் பசி நிஜம், திறமைதான் கற்பனை! மரியோ மோனிச்செல்லியின் ‘இ சோலிதி இஞ்ஞோத்தி’ (1958) பாருங்கள். ரோமில் அடகுக்கடைப் பெட்டகத்தைத் திருட, பக்கத்து வீட்டுக்குள் புகுந்து சுவரை இடிக்கிறார்கள். இடிந்ததோ அதே வீட்டின் சமையலறைச் சுவர்! அங்கிருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் ஆற அமரச் சாப்பிடுகிறார்கள். கும்பலில் ஒருவராக வரும் நடிகர் மாஸ்த்ரோயானியோ, மனைவி சிறையில் இருப்பதால் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டே திருட்டுக்குத் திட்டம் போடுபவர். இவர்கள்மேல் எனக்குப் பாசம்தான் வருகிறது. பியெத்ரோ ஜெர்மியின் ‘இத்தாலிய பாணி விவாகரத்து’ (1961) இன்னும் காரம். அந்நாட்டில் விவாகரத்துச் சட்டம் வந்ததே 1970-ல்தான். அன்றைய சட்டப்படி கௌரவக் கொலைக்குத் தண்டனை குறைவு என்பதால், படத்தின் பிரபு தன் மனைவிக்கே காதலன் தேடுகிறார்! சிரித்து முடிப்பதற்குள் அந்தச் சட்டத்தின்மேல் கோபம் வந்துவிடும்.