புள்ளிராஜாவுக்கு யாரும் செருப்பு எறியவில்லை

2003 வாக்கில் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் ஒருவர் கைப்பற்றியிருந்தார். பெயர் புள்ளிராஜா. அவருக்கு எய்ட்ஸ் வருமா, வராதா என்று போகிற இடமெல்லாம் விழிப்புணர்வு விளம்பரம் கேட்டது. ஆள் எங்கெங்கோ போய்வருகிறவர் என்பது கேள்வியிலேயே இருந்தது. எங்கள் மேட்டூர் டீக்கடையில் யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. ராத்திரி எங்காவது தங்கிவிட்டு வருகிறவனை "வாய்யா புள்ளிராஜா" என்று வரவேற்பதோடு சரி. தமிழ்ப் பண்பாடு அப்போது நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

2005 செப்டம்பரில் அதற்கு உடம்புக்கு முடியாமல் போனது. இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பு பாலியல் பழக்கங்களைப் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி, நடிகை குஷ்புவிடமும் கருத்துக் கேட்டது. மணப்பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்று படித்த ஆண் எதிர்பார்க்க மாட்டான் என்றார் அவர். திருமணத்துக்கு முன்பு உறவு கொள்ளும் பெண், கர்ப்பமும் பால்வினை நோயும் வராமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். புள்ளிராஜாவுக்குச் சுவரெழுத்து சொன்ன புத்தியேதான், இந்த முறை பெண்ணுக்கு. ஆரம்பப் படங்களில் குஷ்புவுக்குத் தமிழ் பேசியது இரவல் குரல். அந்த நாளில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். சொந்தக் குரலில் நாலு வார்த்தை பேசியதும் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள்.

என் சித்தப்பாவும் போனார். அந்தப் பத்திரிகையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அதுதான் டீக்கடையில் எல்லோரும் பேசுகிறார்களே. நவம்பரில் அந்தப் பேச்சின் மீது போட்ட வழக்குக்காகக் குஷ்பு மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது தக்காளியும் முட்டையும் செருப்பும் பறந்தன. எங்கள் வீட்டுக் கூடையிலிருந்த தக்காளியும் அன்று கற்பைக் காக்கப் போய்விட்டதால், ராத்திரி சித்தி வெறும் புளியில் ரசம் வைத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நானும் நின்றேன், வேடிக்கை பார்க்க. கற்பைக் காக்க வந்தவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்திய வார்த்தைகளை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

இதே சித்தப்பாதான் அம்மன் கோயில் நோம்பிக்குக் கூத்து நடந்தால் விடிய விடிய முன்வரிசையில் உட்காருவார். கோமாளி வந்து அரைமணி நேரம் பேசுகிற பேச்சில் இடுப்புக்கு மேலே எதுவும் இருக்காது. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் அப்பாயி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சில சமயம் கோமாளிக்கே எடுத்துக் கொடுப்பாள். எங்கள் கிழவிகள் நடவு வயலில் பேசியதைக் குஷ்பு கேட்டிருந்தால் அவரே வழக்குப் போட்டிருப்பார்.

குஷ்பு மீது மொத்தம் 23 வழக்குகள். ஒன்று இந்தூரிலிருந்து, தமிழ்க் கற்புக்கு அவ்வளவு தூரத்தில் ஆள் இருந்தது நமக்கெல்லாம் பெருமைதான். 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளியது. புகார் கொடுத்தவர்கள் யாரையும் அந்தப் பேச்சு தனிப்படப் பாதிக்கவில்லை என்றது. அடுத்த மாதமே அவர் திமுகவில் சேர்ந்தார். 2014இல் காங்கிரஸ், 2020இல் பாஜக. பண்பாடு ஒவ்வொரு முறையும் வழிவிட்டு நின்றது.

நடுவில் பக்கத்து மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' எரிந்தது. 2010இல் வெளிவந்த நாவல். நாலு வருடம் யாரையும் புண்படுத்தாமல் சாதுவாகக் கிடந்தது. 2014 கடைசியில் யாரோ சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க, ஊரே புண்பட்டது. பிடிக்காவிட்டால் தூக்கிப் போடு, படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமா என்ற பொருளில் 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளுக்கு ஒன்று தெரியவில்லை: படித்தவர்கள் எரிக்க வரவில்லை.

இப்போது ஜெராக்ஸ் செலவும் கிடையாது. சித்தப்பாவின் போனில் காலையில் பல் துலக்குவதற்குள் மூன்று முறை பண்பாடு அழிகிறது. ஏதோ ஒரு பெண் ஏதோ ஒரு மேடையில் பேசிய இருபது விநாடி வீடியோ வரும். 'தமிழன் என்றால் ஷேர் செய்' என்று அடியில் இருக்கும். அவரும் தமிழன்தான், செய்துவிடுவார்.

அவர் மகள் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனோடு ஒரே ஃபிளாட். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்: "ரூம் ரெண்டு தனித்தனிங்கறேன். அங்க வாடகை என்ன விலை தெரியுமாடா?" தெரியும் என்று தலையாட்டினேன். வாடகை என்பது கற்பை விடப் பெரிய விஷயம் என்பதை மேட்டூர் இப்படித்தான் மெதுவாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, குஷ்பு என்னதான் சொன்னார் என்பதை இத்தனை வருடம் கழித்துச் சித்தப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி, நல்ல விசயந்தான். ஆனா இதையெல்லாம் ஒரு நடிகை எதுக்குடா சொல்லோணும்? ஒரு டாக்டர் சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்பம்ல."

அடுக்களையிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க, டாக்டர் சொன்னா கேக்கற ஆளுதான் நீங்க. மொதல்ல அந்தச் சக்கரை மாத்திரையைப் போடுங்க."