ஹேஸ்டிங்ஸுக்கு ஒரு நடை

1066 ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த இடத்தைப் பார்க்க ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்குப் போனால் போதுமா? (வாசகர், திருச்சி)

போதாது, பஸ் பிடிக்க வேண்டும்! சண்டை நடந்தது சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி. அந்த ஊரின் பெயரே 'பேட்டில்'. ஜெயித்தது படையெடுத்து வந்த வில்லியம், செத்தது இங்கிலாந்து மன்னர் ஹரால்டு, பேரைத் தட்டிக்கொண்டு போனது பக்கத்து ஊர்.

பிள்ளைகள் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் மணல்வீடு கட்டலாமா? (வாசகி, தேனி)

பெரும்பாலும் கூழாங்கல்தான், செருப்பைக் கழற்றிப் பாருங்கள், தெரியும். வீடு கட்டும் வேலையை மீனவர்கள் முடித்துவிட்டார்கள். வலை வைக்க, கறுப்புப் பூசிய ஒல்லி மரக்கொட்டகைகள். கரையில் இடம் குறைவு, அதனால் மேலே மேலே வளர்த்துவிட்டார்கள். துறைமுகம் கிடையாது, கடலிலிருந்து வரும் படகைக் கல்மேட்டில் இழுத்தே ஏற்ற வேண்டும். அந்த மீன்பிடிக் கரையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

வில்லியம் கட்டிய கோட்டையை யார் பிடித்தார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

கடல்! 1287 புயலில் பாறை சரிந்து, கோட்டையின் ஒரு பகுதி அலைக்குள் போனது. மிச்சம் குன்றின் மேல் நிற்கிறது. படியேற மூச்சு வாங்குபவர்களுக்காக 1891-லேயே மலைச்சரிவில் ஒரு இழுவை ரயில் போட்டுவிட்டார்கள்.