சொல்லருவி

ஊருக்கு ஒரு 'சொல்லருவி' இருக்கிறார். மேடைக் கூச்சம் என்றால் என்னவென்றே அறியாதவர். சென்னைக் கடற்கரையில் பொதுக்கூட்ட மேடையாக இருந்த சீரணி அரங்கத்தை 2003-இல் இடித்துவிட்டார்கள். இவர் தொண்டையில் மட்டும் அது அசையாமல் நிற்கிறது.

கிளை நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். நூலகரையும் சேர்த்து வந்திருப்பவர்கள் பதினான்கு பேர். சொல்லருவி எழுந்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, பின்வரிசைக்குக் கேட்கிறதா?" என்கிறார். இருப்பதே இரண்டு வரிசை. தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று ஒன்பது பேரை விளித்து முடித்ததும் மிச்சம் ஐந்து பேர். அந்த ஐவரை, "கடலெனத் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!" என்று அழைக்கிறார். வந்திருந்த ஒரே அம்மாள், பின்னால் யாராவது வந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறார்.

கைதட்டலுக்காக அவர் நிறுத்தும் இடங்களில் மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்கும். செயலாளர் நீட்டும் துண்டுச் சீட்டைப் பிரிக்காமலேயே சட்டைப்பையில் செருகிக்கொள்வார். நடுவில் ஒருவர் சந்தேகம் கேட்டால், "கேள்வி நேரம் கடைசியில்" என்பார். கடைசியில் நன்றியுரைக்கே நேரம் இருக்காது.

திறமைக்குக் குறைவில்லை. திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல், 73-ஆவது அவையஞ்சாமை. எதிரே இருப்பவர் யாரென்று முதலில் பார், அஞ்சாமல் பேசுவது அப்புறம் என்கிற வரிசை அது. சொல்லருவி நேரே 73-இல் சேர்ந்து தேறியவர். 72 பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கிய வட்டத்துக்கு மேடை கிடையாது. நண்பர்கள் சுற்றி உட்காருவார்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்து, நிறுத்தி நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்லியே அதன் சுவையைக் காட்டிவிடுவார் அவர். கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு எதற்கு முழக்கம்?

ஆகவே, வாசகர் வட்டச் செயலாளர்களே! இருபது பேருக்குள் வரும் கூட்டத்துக்கு மைக் செட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சொல்லருவியையும் ஒன்றில் உட்கார வைத்துவிடுங்கள். எழுந்து நின்றால்தான் அவருக்கு 'அவர்களே' வருகிறது.