கோயில்பட்டிக்காரனுக்கா வெயிலு!

ஜூலை மாசம் கூட்டாளிமாரோட காரெடுத்துக்கிட்டு அமெரிக்காவுல இருக்க டெத் வேலி நேஷனல் பார்க்குக்குப் போறியாமே, மருமவனே. கூடாரம் அடிச்சுத் தங்கி, மலையேறப் போறியாம். சந்தோசம். புத்தியுள்ளவன் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவுல போவான். நமக்கு எதுக்கு அந்தப் பொழைப்பு? "நான் கோயில்பட்டிக்காரன், எனக்கா வெயிலு"ன்னு நீ கேட்டதா உங்கம்மா சொன்னா. கேட்டு மாமனுக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

நம்மூருல 40 டிகிரி அடிச்சாலே வேப்பமரத்தடிக் கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டே. அங்க ஜூலையில சராசரி உச்சமே 47. 1913 ஜூலை 10-ல ஃபர்னஸ் கிரீக்குல 56.7 அடிச்சதுதான் இன்னிக்கும் உலக சாதனைக் கணக்குல நிக்கி. கடல் மட்டத்துக்குக் கீழ கெடக்குற பள்ளம்லா அது! பேட்வாட்டர்ங்கிற எடம் 86 மீட்டர் கீழ. ரெண்டு பக்கமும் மலை. சூடான காத்து வெளியேற வழி தெரியாம உள்ளயே சுத்திச் சுத்தி வரும். ராத்திரியிலயும் 30-க்குக் கீழ எறங்குறது அபூர்வம். கூடாரத்துக்குள்ள படுத்தா இட்லிக் கொப்பரைக்குள்ள படுத்த மாதிரி சொகமா வேகலாம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நம்ம வெயிலு வாயாடி. வேர்த்து ஊத்தும், சட்டை முதுகோட ஒட்டும், நாக்கு வறளும். "போய்த் தண்ணி குடிலே"ன்னு சத்தம் போட்டே சொல்லிரும். அங்க இருக்கது ஊமை வெயிலு. காத்து அம்புட்டு வறட்சி. தோலைவிட்டு வெளிய வந்த வேர்வை அந்தாக்குல ஆவியாப் போயிரும். சட்டை மொடமொடன்னு காஞ்சே கெடக்கும். "நமக்கு வேர்க்கவே இல்லியே"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடப்பே. கக்கத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு விழும், அதைத் தடவிப் பாத்தாத்தான் போன தண்ணிக்குக் கணக்குத் தெரியும். வெயில்ல வளந்தவன்தான் அங்க மொதல்ல ஏமாறுவான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது குடிக்கணும்னு பார்க்குக்காரங்க சொல்லுதாங்க. நடந்தா இன்னும் கூட. பள்ளத்துப் பக்கம் காலம்பற 10 மணிக்கு மேல நடக்காதங்காங்க. உனக்கு அந்தக் கவலை இல்ல, நீ எந்திரிக்கதே பத்து மணிக்குத்தான்.

ரப்பர் செருப்பை மறந்துராதே. 2024 ஜூலையில பெல்ஜியத்துக்காரர் ஒருத்தர் மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேட்டுல செருப்பைத் தொலைச்சுட்டார். பாதம் வெந்துபோச்சு. ஹெலிகாப்டர் கூப்பிட்டா, அது அங்க எறங்க முடியல. சூட்டுல காத்து லேசாயிரும், விசிறிக்குப் பிடிமானம் கெடைக்காது. ஆம்புலன்சுல மேட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஏத்துனாங்க. ஹெலிகாப்டரே எறங்காத எடத்துல எறங்குன பெருமை நம்ம குடும்பத்துக்கும் வேணும்லா?

முட்டையும் வாங்கிக்கோ. 2013-ல ஆளாளுக்குத் தரையில முட்டையை உடைச்சு ஊத்தி, வேகுதான்னு பாத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போனானுவ. அள்ளி மாளல. "பொரிக்கணும்னா சட்டியில பொரிங்கய்யா"ன்னு பார்க்குக்காரங்களே கெஞ்ச வேண்டியதாப் போச்சு. படிச்சவனுவ பண்ணுத வேலை!

அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க டிம்பிஷா ஷோஷோனி சனங்க. தலைமுறை தலைமுறையா அங்க இருக்கவங்க. அவங்க முன்னோர் என்ன செஞ்சாங்க தெரியுமா? குளிருக்குப் பள்ளத்துல இருப்பாங்க, கோடை வந்தா மலைக்கு ஏறிருவாங்க. அவங்களுக்கே இல்லாத வீராப்பு உனக்கு எங்கயிருந்துலே வந்துச்சு?

அதனால ஜூலையிலதான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா, நீயும் மேல ஏறு. மஹோகனி ஃப்ளாட்னு ஒரு முகாம், 2,500 மீட்டர் ஒசரத்துல. பாதை கரடுமுரடு, லொடலொட வண்டி ஏறாது. அங்கயிருந்து டெலிஸ்கோப் சிகரத்துக்குப் போக ஏழு மைல், வர ஏழு மைல். உச்சி 3,368 மீட்டர். அங்க நின்னு, நீ கூடாரம் அடிக்க இருந்த பள்ளத்தைக் குனிஞ்சு பாரு. அங்கயும் தண்ணி கெடையாது, சுமந்துக்கிட்டுத்தான் போகணும்.

ஏத்தத்துல வண்டி கொதிச்சா ஏசியை அணை. வண்டி நின்னுட்டா அதைவிட்டு நடக்காதே. தேடி வாரவன் கண்ணுக்கு மொதல்ல வண்டிதான் தெரியும். பாதி எடத்துல போன் எடுக்காது, அதனால காகித மேப் ஒண்ணு வச்சுக்கோ.

கடைசியா, எங்க போறே, எப்பத் திரும்புவேன்னு யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போ. உங்கம்மாகிட்டச் சொல்லு, அது போதும். சொன்ன நேரத்துக்கு உன் போன் வரலேன்னா, ரேஞ்சருக்கு முந்தி அவ வந்து நிப்பா.