புரியுற மாதிரி மட்டும் எழுதிராத, பேராண்டி

பொருளாதாரத்துல எம்.ஏ. முடிச்சிட்டு, ஜனங்க படிக்குற மாதிரி சரித்திரப் புத்தகம் எழுதப் போறேன்னு நிக்க. நல்லதுலே. வரப்போற வேலையைக் கெடுத்துக்க இதைவிடச் சுருக்குவழி கெடையாது. அமெரிக்காவுல ஜான் கென்னத் கால்பிரெய்த்னு ஒரு மனுசன் இருந்தாரு. அவரு பட்டதைக் கேட்டுட்டுப் பேனாவைத் தொடு.

1908-ல கனடாவுல, ஒன்டாரியோ பக்கத்துப் பண்ணை வீட்டுல பொறந்தவரு. ஒசரம் ஆறரை அடிக்கும் மேல. மொதல்ல படிச்சது ஆடுமாடு வளக்குற படிப்பு. நீயும் அதைப் படிச்சிருந்தா நம்ம தொழுவத்துக்காவது ஆயிருக்கும். பெறகு கலிஃபோர்னியா போயி, 1934-ல விவசாயப் பொருளாதாரத்துல டாக்டர் பட்டம். யுத்தகாலத்துல நாடு பூரா விலைவாசி ஏறாமப் பாத்துக்கிடுத உத்தியோகம். எந்த வியாபாரி விட்டுவைப்பான்? 1943-ல வெளிய அனுப்பிட்டாங்க. நேரா 'ஃபார்ச்சூன்' பத்திரிகைக்குப் போனாரு. ஆளு கெட்டது அங்கனதான். புரியுற மாதிரி எழுதப் பழகிட்டாரு.

ஹார்வர்டுல வாத்தியாரா இருந்துக்கிட்டே, 1929 பங்குச்சந்தைச் சரிவைப் பத்தி 1955-ல ஒரு புத்தகம் போட்டாரு. கணக்குத் தெரிஞ்சவன் கதை சொல்ல வந்தா, நல்ல கதையெல்லாம் பாழாப்போவும் கேட்டுக்க. பணம் போனவனெல்லாம் நியூயார்க்குல மாடியில இருந்து குதிச்சான்னு ஊரு உலகமே நம்பிட்டிருந்துச்சு. இவரு சாவுக் கணக்கை எடுத்துப் பாத்தாரு. சந்தை சரிஞ்ச அக்டோபர், நவம்பர்ல தற்கொலை கம்மி. சந்தை ஜோரா ஏறுன கோடையிலதான் கூட. அம்புட்டுத்தான், அந்தக் கதை முடிஞ்சுது.

பெரிய மனுசன் பேரையும் விட்டு வைக்கல. கோல்ட்மன் சாக்ஸ் டிரேடிங் கார்ப்பரேஷன் பங்கு 104 டாலருக்கு வித்தது, ரெண்டு டாலருக்கும் கீழ வந்ததை எடுத்துப் போட்டாரு. கையாடலைப் பத்தி அவரு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல காலத்துல திருட்டு வளரும், கெட்ட காலத்துலதான் மாட்டும். நம்ம களத்துலயும் அப்படித்தானே? வெளைஞ்ச வருசம் நாலு மூடை கொறைஞ்சா எவன் கேக்கான்? மழை பொய்ச்ச வருசம் அரைப்படிக்குப் பஞ்சாயத்து கூடும்.

அதே 1955 மார்ச்சுல செனட் கமிட்டி கூப்புட்டு, சந்தை எப்படி இருக்குன்னு விசாரிச்சுது. இவரு பழைய கதையைச் சொல்லி, அது திரும்பவும் வரலாம்னு ரெண்டு வார்த்தை சேத்தாரு. பேசிட்டு இருக்கும்போதே அங்க சந்தை விழுந்துட்டு! திட்டியும் மிரட்டியும் கடுதாசி குவிஞ்சுது. கொஞ்ச நாள்ல பனிச்சறுக்குப் போயி காலை ஒடிச்சுக்கிட்டாரு. அது பேப்பர்ல வந்ததும் இன்னொரு கட்டு கடுதாசி. ஆண்டவன் எங்க வேண்டுதலைக் கேட்டுட்டான்னு அதுல எழுதியிருந்தாங்க. சரித்திரம் எழுதுனதுக்கு வேற எவனுக்கு இம்புட்டு வாசகர் கடிதம் வந்துருக்கு?

கூட்டாளிப் பொருளாதார மேதைங்களுக்கு இன்னொரு கடுப்பு. சமன்பாடே இல்லாம எழுதுதான், அதையும் ஜனம் காசு கொடுத்து வாங்குதுன்னு. 1972-ல அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத் தலைவராக்குனாங்க, அது வேற. நோபல் மட்டும் கடைசி வரைக்கும் வரல. கென்னடி 1961-ல டெல்லிக்குத் தூதரா அனுப்பி வச்சாரு. சீனச் சண்டை நேரத்துல இங்கனதான் இருந்தாரு. 2001-ல நாம பத்ம விபூஷண் கொடுத்தோம், அவருக்கு வயசு தொண்ணூறு தாண்டுன பெறகு.

அதனால சொல்லுதேன். ஒரு வரியை மூணு தரம் படிச்சாலும் ஒண்ணும் வெளங்கக் கூடாது. பக்கத்துக்கு நாலு கிரேக்க எழுத்தைத் தூவி வை. சாவுக் கணக்கைத் தேடிப் போவாத. மாடிக்கதையை அப்படியே எழுதிரு. பெரிய கம்பெனி பேரு வந்தா, 'ஒரு நிறுவனம்'னு போட்டுட்டுத் தாண்டிப் போயிரு. பேராசிரியர் நாற்காலி தானா வரும்.

கேக்க மாட்டேன்னுதான் முழிக்க. சரி, புத்தகத்துப் பேரையாவது யோசிச்சு வை. கால்பிரெய்த் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துப் புத்தகக் கடையில தன்னோட அந்த 1929 சரிவுப் புத்தகம் இருக்கான்னு எட்டிப் பாத்திருக்காரு. காணலைன்னதும் வெக்கத்தை விட்டு உள்ள போயி கேட்டாரு. 'பெரிய வீழ்ச்சி'ன்னு பேரு வச்சதை ஏரோப்ளேன் ஏற வாரவன்கிட்ட எப்படிய்யா விக்கன்னு கடைக்காரம்மா கையை விரிச்சுட்டாளாம். நம்ம ஊருல பஸ் ஸ்டாண்டுக் கடையிலயும் விக்கணுமேன்னு பாத்து வைலே.