மாடி ஏறாத மாற்றம்

அலுவலகத்தில் இலவசமாக டி-ஷர்ட் கொடுக்கிறார்களா? உஷாராகிவிடுங்கள். நெஞ்சில் 'மாற்றத்தின் தூதர்' என்று அச்சடித்திருந்தால், யாருக்கோ வேலை போகப்போகிறது. டி-ஷர்ட் போட்டிருப்பவருக்கே போகலாம். தூதர் என்றால் தலை தப்பும் என்று எந்த நியமனக் கடிதத்திலும் எழுதவில்லை.

முதலில் மின்னஞ்சல் வரும். 'அன்பான குடும்பத்தாரே' என்று தொடங்கும். சம்பள உயர்வு கேட்ட மாதம் நாம் வெறும் செலவுக் கணக்கு. ஆள் குறைக்கும் மாதம் குடும்பம். அடுத்தது நட்சத்திர ஓட்டலில் கூட்டம். சிக்கனத்தின் அவசியத்தை விளக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? மேடையில் கோட் சூட்டோடு ஓர் ஆலோசகர். அவருடைய ஒருநாள் கட்டணத்தில் நம் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்குப் பல மாதம் சம்பளம் போடலாம். குறைக்க வேண்டிய செலவுகள் பட்டியலில் முதலில் இருப்பது அந்த அக்காதான்.

மாற்றம் எப்போதும் கீழ்த்தளத்துக்கே வரும். தடுப்புகளை இடித்துவிட்டுத் 'திறந்த அலுவலகம்' என்றார்கள். நம் மேஜை போனது, டிராயர் போனது, போனில் வீட்டோடு பேச ஒரு மூலைகூட மிச்சமில்லை. மேலதிகாரி அறைக்குக் கதவு அப்படியே இருக்கிறது. மூடியே இருக்கிறது.

ஆலோசகர் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார். மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்றுப்போகின்றன என்பது ஒன்று. தோல்விக்குக் காரணம் ஊழியர்களின் எதிர்ப்பு என்பது மற்றொன்று. நூறு நோயாளிகளில் எழுபது பேரைக் கைவிட்டுவிட்டு, அதையே விளம்பரப் பலகையில் எழுதிவைத்து ஃபீஸ் வாங்கும் வைத்தியரை நாம் தெருவுக்குள் விடுவோமா? இவருக்கு மட்டும் கைதட்டுகிறோம்.

அந்த 70 எங்கிருந்து வந்தது? மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993இல் 'ரீஎஞ்சினியரிங் தி கார்ப்பரேஷன்' என்ற நூலை எழுதினார்கள். வேலைமுறையை அடியோடு மாற்றச் சொல்லும் தங்கள் வைத்தியத்தை முயன்ற நிறுவனங்களில் 50 முதல் 70 சதவீதம் வரை எதிர்பார்த்த பெரும்பலனைக் காணவில்லை என்று குத்துமதிப்பாகச் சொன்னார்கள். இது விஞ்ஞானக் கணக்கல்ல என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையைத் தூக்கி எறிந்தார்கள், எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். 2011இல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இந்த 70க்கு ஆதாரம் தேடிப் பார்த்தார். நம்பும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. எண்ணுக்கு வேலை போய்விடவில்லை. முப்பது ஆண்டு கடந்தும் பவர்பாயின்ட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. காலாவதி என்று முத்திரை குத்தப்படுவது நாற்பத்தைந்து வயதுக்காரர்தான்.

ஹேமர் பிறகு 1996இல், மனிதர்கள் என்ற அம்சத்தைத் தாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். நல்ல மனசு. அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தச் செய்தியைக் கத்தரித்து யார் அனுப்பினார்கள்?

1998இல் வந்தது பாலாடைக்கட்டிப் புத்தகம். ஸ்பென்சர் ஜான்சன் எழுதிய 'ஹூ மூவ்டு மை சீஸ்?'. இரண்டு எலிகள், எலியளவே உள்ள இரண்டு குட்டி மனிதர்கள், காணாமல்போன சீஸ். அழாதே, கேள்வி கேட்காதே, ஓடிப்போய் வேறு சீஸ் தேடு என்பதுதான் கதை. நிறுவனங்கள் கட்டுக்கட்டாக வாங்கி ஊழியர்களுக்கு விநியோகித்தன. யார் நகர்த்தினார் என்று அட்டையில் கேட்கிறார்கள். புத்தகம் முழுக்கத் தேடினாலும் அந்த ஆள் அகப்படமாட்டார். அகப்பட்டால் மொத்தமாக ஆர்டர் கொடுத்திருப்பார்களா?

நம் ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு. 2025 ஜூலையில் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. எதிர்காலத்துக்குத் தயாராகும் நிறுவனமாம். 2024-25 நிதியாண்டில் அதன் நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு லாபத்தோடு எதிர்காலத்துக்குள் நுழைய இந்த 12,000 பேர்தான் இடைஞ்சல். வீட்டுக் கடன் தவணையும் எதிர்காலத்தில்தான் வருகிறது. அதற்கு இவர்களைத் தயார்படுத்துவது யார்?

இனி அந்தப் பிரசித்தி பெற்ற 'எதிர்ப்பு'. ஏதோ ஊழியரின் ரத்தத்திலேயே ஊறிய வியாதி போலப் பேசுகிறார்கள். 'எதிர்ப்பு' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948இல் வெளியிட்ட கட்டுரை. களம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மாரியன் என்ற சிற்றூரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலை. அங்கே இஸ்திரி போடுகிறவர்கள் துணிகளை அரை டஜனாக அட்டைமேல் அடுக்கிவந்தார்கள். இனிமேல் பெட்டிக்குள் அடுக்குங்கள் என்றது நிர்வாகம். அவ்வளவுதான் மாற்றம். கூட்டம் போட்டுக் காரணம் சொன்னார்கள், புதிய கூலிக் கணக்கை அறிவித்தார்கள், வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். மேற்பார்வையாளரோடு மல்லுக்கு நின்றார்கள்.

வேறு சில குழுக்களிடம், வேலையை எப்படி மாற்றலாம் என்று முன்கூட்டியே கேட்டார்கள். அந்த 40 நாளில் ஒருவர்கூடப் போகவில்லை. உற்பத்தி பழைய அளவையும் தாண்டியது. பிறகு, முதல் குழுவில் மிஞ்சியிருந்தவர்களையே திரட்டி வேறு வேலைக்கு மாற்றினார்கள், இந்த முறை கேட்டுவிட்டு. அதே ஆட்கள். அதே ஆலை. சண்டையில்லை, விலகலில்லை.

அதாவது, வியாதி எந்த மாடியில் இருக்கிறது என்று 1948லேயே தெரிந்துவிட்டது. ஆலோசகர்கள் ஹேமர் நூலிலிருந்து எண்ணை மட்டும் உருவியதைப் போல இந்தக் கட்டுரையிலிருந்து 'எதிர்ப்பு' என்ற சொல்லை மட்டும் உருவிக்கொண்டார்கள்.

நம்மிடம் கேட்பதே இல்லை என்று சொல்வது அபாண்டம். கேட்கிறார்கள். எல்லாம் முடிந்து, மேஜைகள் காலியாகி, ஆலோசகரின் பில்லும் பட்டுவாடா ஆன பிறகு ஒரு கருத்துக் கணிப்புப் படிவம் வருகிறது. மனம் திறந்து எழுதுங்கள், யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது என்கிறார்கள். படிவத்தின் முதல் கட்டத்தை நிரப்பாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது. முதல் கட்டத்தில் கேட்பது பணியாளர் எண்.